ஏழாம் இடம்

கழிவறை எங்கே என்று கேட்டு வந்த ஒருவருக்கு மூன்று பேர் இருந்து சாயும் சோபாச் செற்றியை விற்று அனுப்பியவன் நான். இதைப் பெருமைக்குச் சொல்லவில்லை. பெருமைக்குச் சொல்வதென்றால் வேறு நிறைய இருக்கிறது. ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முதுகைக் காட்டியவன், தொண்ணூறுகளில் கனடாவில், ஸ்காபரோவில், டோர்செட் பார்க் பக்கத்துப் பிளாசா ஒன்றில் தளபாடக் கடை போட்டு, வாசலுக்கு மேலே என் பெயரை ஆளுயர எழுத்தில் எரியவிட்டேன். பட்டம் படித்த பிள்ளைகள் என்னிடம் வேலை கேட்டு வந்தார்கள். இலங்கையிலிருந்து வந்து அடுக்குமாடிகளில் புதிதாகக் குடியேறிய எங்கள் சனம் வெறும் நிலத்தில் படுத்தெழும்பி நாரி நோவோடு கடைக்கு வரும். மெத்தைக்கு வந்தது கட்டிலோடு போகும். கட்டிலுக்கு வந்தது அலுமாரியோடு போகும். வியாபாரத்தில் நான் கண்ட மந்திரம் ஒன்றே ஒன்றுதான்: ஆளை யோசிக்க விடக் கூடாது. வாசலைத் தாண்டிப் போய் யோசித்தவன் திரும்பி வர மாட்டான்.

அந்த மந்திரம் பலிக்காத ஒரே ஆள் துவக்கர்.

அவருக்குத் தாய் தகப்பன் வைத்த பெயர் வேறு. அதை இங்கே எழுதினால் அவருடைய மனைவி என்னோடு கதைக்க மாட்டார். எங்கள் பேச்சில் துப்பாக்கிக்குத் துவக்கு என்று பேர். பழைய வேட்டைத் துவக்குகளைத் தேடிச் சேர்க்கிறவர் என்றபடியால் ஊர் அவரைத் துவக்கர் என்றது. துவக்குச் சேர்க்கிற ஆள் என்றதும் மீசையும் தொப்பையுமாக ஒருவரை நினைத்துக்கொள்ள வேண்டாம். கடவாய்ப் பல்லைப் போலக் கட்டையான, உறுதியான மனிதர். வேலையும் பல்லோடுதான். கிழவர் கிழவிகளுக்குப் பல் செட் செய்கிற இடத்தில் இருந்தார். பல் வைத்தியர் வாய்க்குள் விட்டுப் பார்க்கிற, நீண்ட காம்பு வைத்த சின்னக் கண்ணாடி ஒன்று எந்த நேரமும் அவருடைய சட்டைப் பையில் நிற்கும்.

முதல்முறை கடைக்கு வந்தபோது, காலை நீட்டிச் சாயக்கூடிய மண்ணிறத் தோல் கதிரையில் போய் இருந்தார். விசையை இழுத்துச் சாய்ந்தார். கண்ணை மூடினார். நான் பில் புத்தகத்தைக் கையில் எடுத்துவிட்டேன்.

"எப்பிடி இருக்கு தம்பி?"

"சொர்க்கம் அண்ணை."

"பின்னேரத்துக்குள்ள சொர்க்கத்தை வீட்டை இறக்கி விடுறன். விலாசத்தைச் சொல்லும்."

அவர் கண்ணைத் திறந்தார். "இண்டைக்குத்தானே முதல் முதல் பாக்கிறன். பொம்பிளை பாக்க வந்த அண்டைக்கே தாலி கட்டச் சொன்னால் எப்பிடி?"

சொல்லிவிட்டு நிலத்தில் முழங்காலை ஊன்றினார். கண்ணாடியைக் கதிரைக்கு அடியில் விட்டு, ஆணி, வார், விசை எல்லாவற்றையும் பார்த்தார். எங்கே செய்தது, ஏன் இந்த மூலையில் நிற்கிறது, இதற்கு முன் யாராவது கேட்டார்களா, கேட்டவர்கள் ஏன் எடுக்கவில்லை என்று விசாரித்தார். என் மூத்த மகளின் கலியாணத்துக்குக்கூட மாப்பிள்ளை பகுதி இவ்வளவு கேட்கவில்லை. கடைசியில் எழும்பி, முழங்காலைத் தட்டிவிட்டு, "வடிவான கதிரை. அடுத்த சனிக்கிழமையும் வந்து பாக்கிறன்" என்று போய்விட்டார்.

போகிறவன் வர மாட்டான் என்பது என் மந்திரம். துவக்கர் வந்தார். அடுத்த சனிக்கிழமையும் வந்தார். அதற்கடுத்ததும் வந்தார். தேத்தண்ணி குடித்தார், கதிரையில் சாய்ந்தார், போனார்.

துவக்குக் கதையை அவர் முதன்முதல் சொன்னபோது நான் எழும்பிப் போய்க் கடைக் கதவைச் சாத்தினேன். துவக்குக்குப் பயந்துதானே இந்தப் பனிக்குள் ஓடி வந்தோம்? அதை ஒருவர் ஆசையாகத் தேடி வீட்டில் வைப்பாரா? எங்கள் சனத்துக்கும் அதே பயம்தான். கடையின் ஆண்டு விழாவுக்கு மண்டபம் எடுத்து, அவரைப் பேசச் சொல்லியிருந்தேன். அவர் மேடையில் ஏறித் தொண்டையைச் செருமிக்கொண்டு நிற்க, ஒலிவாங்கி பிடித்தவர் மரியாதையாக, "அண்ணை, துவக்குங்கோ" என்றார். முன்வரிசை அன்ரிமார் இரண்டு பேர் கைப்பையையும் எடுத்துக்கொண்டு எழும்பிவிட்டார்கள்.

ஒருநாள் யூனியன்வில்லில் இருந்த தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலவறையில் ஓர் இரும்பு அலுமாரி, இரண்டு பூட்டு. தோட்டாக்கள் வேறோர் இடத்தில் வேறொரு பூட்டுக்குள். மூன்று பூட்டுத் திறப்புகளும் அவருடைய இடுப்பில். அலுமாரிக்குள் பச்சைத் துணி ஒட்டிய ஏழு நிலைகள். ஆறு துவக்குகள் வரிசையாக நின்றன. ஏழாவது இடம் வெறுமையாக இருந்தது. அவர் மெல்லிய தூரிகையை எடுத்து அந்த வெறும் இடத்தைத்தான் முதலில் துடைத்தார்.

"இதுக்குள்ள ஒண்டுமில்லையே, என்னத்தைத் துடைக்கிறீர்?"

"வாற ஆள் தூசிக்குள்ளேயோ நிக்கிறது?"

தேத்தண்ணியோடு இறங்கி வந்த அவருடைய மனைவி சட்டத்தைச் சொன்னார். "ஏழு எண்டு நான் சம்மதிச்சது, அண்ணை. எட்டாவது இந்தப் படியால இறங்கினால் நான் அதே படியால ஏறிப் போயிடுவன்."

"அப்ப மிச்சம் ஒண்டுதானே. கண்ணை மூடிக்கொண்டு வாங்கிப் போட்டு அலுவலை முடியுமன்" என்றேன். நானென்றால் அலுமாரி வீட்டுக்கு வந்த அன்றே ஏழையும் நிரப்பியிருப்பேன்.

துவக்கர் சிரித்தார். "இது ஏழாம் இடம் அண்ணை. விளையாட்டோ?"

சாதகத்தில் ஏழாம் இடம் கலியாணத்துக்கு உரியது. அதில் செவ்வாய் இருந்தால் குற்றம். எங்கள் ஆட்கள் ஒரு சம்பந்தத்தை நோகாமல் தட்டிக்கழிக்க வேண்டுமென்றால், பெண் கறுப்பு, பெடியன் கட்டை என்றெல்லாம் சொல்ல மாட்டார்கள். 'குறிப்புப் பொருந்தேல்லை, ஏழில செவ்வாய்' என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போவார்கள். துவக்கர் துவக்குகளையும் அப்படித்தான் கழித்தார்.

அவர் மனது கல் என்று நினைக்க வேண்டாம். பழைய துவக்கு ஒன்றைக் கண்டால் காது சிவக்கும். ஒருமுறை என் கடையில் வைத்தே துவக்குப் படங்கள் போட்ட புத்தகம் ஒன்றை ஒரு வாடிக்கைக்காரரிடம் வாங்கிப் பார்த்துவிட்டு, 'கொண்டுபோங்கோ, கொண்டுபோங்கோ' என்று இனிப்பு நோய்க்காரர் லட்டுத் தட்டைத் தள்ளுவது போலத் தள்ளிவிட்டார். அவருக்கென்று ஒரு கணக்கு வைத்திருந்தார். "கண்டவுடன வாறது பசி அண்ணை. சாப்பிட்டால் போயிடும். ஒரு கிழமை, முழுசா ஏழு நாள், கழிச்சும் நிண்டால் அது ஆசை. ஆசையையும் நம்பேலாது. மனிசிக்குச் சொல்லிப் பாக்க வேணும்."

மனைவிக்குச் சொல்வதுதான் கடைசிப் பரீட்சை. குசினி வாசலில் நின்று, பார்த்த துவக்கைப் பற்றி முழுக்கச் சொல்ல வேண்டும். மனைவி வெங்காயம் வெட்டிக்கொண்டு கேட்பார். துவக்கைப் பார்க்க மாட்டார், படத்தையும் பார்க்க மாட்டார். குரலை மட்டும் கேட்பார். "என்ன விலை எண்ட இடம் வரேக்க குரல் இறங்கிச்சுது. வேண்டாம்" என்பார். அல்லது, "நல்ல சாமான் நல்ல சாமான் எண்டு மூண்டு தரம் சொன்னீங்கள். ஒரு தரம் சொன்னால் காணும். வேண்டாம்." துவக்கர் தலையை ஆட்டிக்கொண்டு கீழே போய் அந்த வெறும் இடத்தைத் துடைப்பார்.

ஏன் இந்தப் பைத்தியம் என்று ஒருநாள் கேட்டேவிட்டேன். கதிரையில் சாய்ந்திருந்தவர் விசையைத் தள்ளி நிமிர்ந்தார்.

"ஊரில எந்தச் சந்தியிலும் ஒரு துவக்கு நிண்டது அண்ணை. எங்களை நிப்பாட்டிக் கேட்டுது. எங்க பிறந்தனி, எங்க இருந்து வாறாய், கொப்பன் ஆர், ஏன் இதால வந்தனி. மறுமொழி சரியில்லையெண்டால் திரும்பிப் போ." கண்ணாடியைச் சட்டைப் பையில் சரியாகச் செருகினார். "இஞ்ச நான் துவக்கை நிப்பாட்டிக் கேக்கிறன். மறுமொழி சரியில்லையெண்டால் அது திரும்பிப் போகட்டும்."

அதற்குப் பிறகு அதைப் பற்றி நான் கேட்கவில்லை. ஆனால் வேறோர் இடத்தில் வாயைக் கொடுத்தேன். அவருடைய மனைவிக்கு முன்னாலேயே சபதம் போட்டேன். "இந்த ஆளை என்ர கடையில ஒரு சாமான் வாங்க வைக்காட்டி, வாசலில எரியிற என்ர பேரை நான் மாத்திறன், பாருங்கோ."

"புதுப் பேரை இப்பவே யோசிச்சு வையுங்கோ அண்ணை" என்றார் மனைவி.

இதற்கிடையில் துவக்கரின் அனுமதிப் பத்திரம் புதுப்பிக்கும் தவணை வந்தது. அவரைத் தெரிந்தவர் என்று கையெழுத்து வைத்த இரண்டு பேரில் ஒருவன் நான். பொலிசிலிருந்து போன் எடுத்து, இந்த மனிதர் கோபக்காரரா என்று கேட்டார்கள். என் ஆங்கிலம் கடைக்குப் போதும், அரசாங்கத்துக்கும் காணும். "ஐயா, இவருக்கு இன்றைக்குக் கோபம் வந்தால் ஒரு மாதம் யோசித்துத்தான் கோபிப்பார்" என்றேன். பத்திரம் வந்துவிட்டது.

அவர் போகிற துவக்குக் கடை ரொறன்ரோவுக்கு வடக்கே, சோள வயல்களைத் தாண்டி ஒரு சின்ன ஊரில் இருந்தது. கடைக்காரர் தனிக் கிழவர், வெள்ளைக்காரர், கண்ணை மறைக்கிற புருவம். நான் முதல்முறை கூடப் போனபோது கடைக்காரர் துவக்கரின் முகத்தைக் கண்டதும், அவர் போன கிழமை பார்த்துவிட்டுப் போன துவக்கை எடுக்கவில்லை. மேசைக்கு அடியிலிருந்து ஒரு மார்ஸ் சொக்கிலேற்றை எடுத்து நீட்டினார்.

எனக்கு விளங்கவில்லை. காருக்குள் வைத்துத்தான் துவக்கர் வெட்கத்தோடு சொன்னார். முதன்முதல் ஒரு துவக்கை வேண்டாம் என்று சொல்ல வந்தபோது, செவ்வாய்க்கு ஆங்கிலத்தில் மார்ஸ் என்று தெரிந்ததால், 'மார்ஸ் புரொப்ளம், செவன்த் ஹவுஸ்' என்றிருக்கிறார். கிழவர் பாவம், ஏழு வீடு தள்ளி எங்கேயோ சொக்கிலேற் தட்டுப்பாடு என்று நினைத்துவிட்டார். அடுத்த கிழமை ஒரு பெட்டி வாங்கி வைத்துவிட்டார். அன்று தொடக்கம் துவக்கர் எந்தத் துவக்கை வேண்டாம் என்றாலும் கிழவர் ஒரு சொக்கிலேற்றைக் கொடுப்பார். பிறகு உண்மை விளங்கித்தான் இருந்தது. ஆனாலும் வழக்கம் வழக்கம்தான்.

அன்று துவக்கர் வெறுங்கையோடு வெளியே வந்தார். துவக்கு வாங்க அனுமதியே இல்லாத நான், ஒரு மான் தலையோடு வந்தேன். கொம்பு வைத்த, சுவரில் மாட்டுகிற பெரிய தலை. கிழவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானாகவே கேட்டு நானாகவே வாங்கினேன். அது இன்றைக்கும் எங்கள் நிலவறையில் அரிசி மூட்டையைப் பார்த்துக்கொண்டு இருக்கிறது. என் மனைவி அதற்கு என் பெயரைத்தான் வைத்திருக்கிறார்.

பிறகு ஒரு சனிக்கிழமை, கிழவர் உள்ளே போய் ஒரு இரட்டைக்குழல் துவக்கைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். பழைய இங்கிலாந்துச் சாமான். இரும்புப் பக்கத்தில் இரண்டு கௌதாரிகள் செதுக்கியிருந்தன. ஒன்று பறக்க எழும்புகிறது, மற்றது இன்னும் புல்லுக்குள் பதுங்கி இருக்கிறது. துவக்கர் அதை உடனே தொடவில்லை. கையைத் துடைத்தார், பிறகும் துடைத்தார். குழலைத் திறந்து தோட்டா இல்லையென்று பார்த்துவிட்டுக் கண்ணாடியை எடுத்தவர், அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு குனிந்தார். விற்கிறவனுக்கு இதெல்லாம் கண்ணில் படும். ஏழாம் இடத்துக்கு ஆள் வந்துவிட்டது என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"இது எங்கே பிறந்தது, யாரிடம் இருந்தது?" என்று வழக்கம்போலத் தொடங்கினார்.

"என் தகப்பனுடையது" என்றார் கிழவர்.

"எடும்!" என்று நான் தமிழில் உறுமினேன். "இப்பவே எடும்!"

"ஒரு கிழமை அண்ணை. பசியோ ஆசையோ எண்டு பாப்பம்."

அடுத்த சனிக்கிழமை போனோம். கௌதாரிகள் இருந்தன. மரப் பிடியில் ஒரு தழும்பு இருப்பதைக் கண்ணாடியால் கண்டுபிடித்து, இது எப்படி வந்தது என்று கேட்டார் துவக்கர். கிழவர் யோசித்தார். தகப்பன் தனக்கு உழவு இயந்திரம் ஓட்டப் பழக்கிய அன்று, தான் வேலிக்குள் கொண்டுபோய் விட்டதையும், துவக்கு கீழே விழுந்ததையும், தகப்பன் தன்னைத் தூக்காமல் துவக்கைத் தூக்கியதையும் சொன்னார். அதற்கடுத்த சனிக்கிழமை ஒன்றும் கேட்காமலே சொல்லத் தொடங்கிவிட்டார். ஒரே வாத்தைத் தகப்பன் வருடா வருடம் குறி தவறவிட்ட கதை. கடைசியில் அந்த வாத்து வீட்டுக் குளத்திலேயே வந்து குடியேறி, தாய் அதற்குப் பாண் பிய்த்துப் போட்ட கதை. கிழவர் சிரித்தார். சிரித்துவிட்டுக் கைலேஞ்சியை எடுத்து மூக்கைத் துடைத்தார்.

வாங்குகிறவன் யோசித்தாலே வியாபாரம் கெடும், விற்கிறவன் யோசித்தால் என்னாவது? துவக்கரின் முதுகில் கிள்ளினேன். மனிதர் அசையவில்லை. இன்னும் மனைவிக்குச் சொல்லவில்லையாம்.

அன்றிரவு அவருடைய மனைவி எனக்குப் போன் எடுத்தார். "அண்ணை, இந்த முறை குரல் இறங்கேல்லை. விலை சொல்லேக்கையும் இறங்கேல்லை. நான் வெங்காயத்தை வச்சிட்டு நிமிந்து பாத்தன். எடுங்கோ எண்டு சொல்லிப்போட்டன்."

அடுத்த சனிக்கிழமை துவக்கர் முகம் சேவ் எடுத்து, இஸ்திரி போட்ட சட்டையோடு என் காரில் ஏறினார். வழி முழுக்கக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைக்குள் போனோம். மேசையில் துவக்கு இல்லை. கிழவர் எங்களைக் கண்டதும் எழும்பி நின்றார். புருவத்துக்குப் பின்னாலிருந்து துவக்கரைப் பார்த்தார். பிறகு மேசைக்கு அடியில் கையை விட்டு ஒரு மார்ஸ் சொக்கிலேற்றை எடுத்து, இரண்டு கையாலும் நீட்டினார்.

"செவன்த் ஹவுஸ்" என்றார். "ஐ ஆம் சொறி, மை ஃப்ரெண்ட்."

அவருக்குப் பின்னால் சுவரில், கல்லாவுக்கு மேலே, புது ஆணிகளில் கௌதாரித் துவக்கு மாட்டியிருந்தது.

துவக்கரின் முகத்தைப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை. அவர் சொக்கிலேற்றை வாங்கிச் சட்டைப் பையில், கண்ணாடிக்குப் பக்கத்தில் வைத்தார். கிழவரின் கையைப் பிடித்துக் குலுக்கினார். சுவரைப் பார்த்து, "கொஞ்சம் இடப்பக்கம் சரிந்திருக்கிறது" என்றார். கிழவர் ஏறி நிமிர்த்திவிட்டார்.

காரில் நான் வெடித்தேன். "உம்மட வாயாலதான் கெட்டீர்! கேட்டுக் கேட்டு அந்த மனிசனுக்குச் செத்த தகப்பனை எழுப்பி விட்டீர். முதல் நாளே எடும் எண்டு நான் சொன்னனோ இல்லையோ?"

"ஓம் அண்ணை. சொன்னீங்கள்."

"கவலை இல்லையோ?"

"இருக்கு." அவர் சொக்கிலேற் உறையைக் கிழித்துப் பாதியை எனக்கு நீட்டினார். "இவ்வளவு காலமும் நான்தானே குறிப்புப் பொருந்தேல்லை எண்டு சொல்லித் திரிஞ்சன். முதல்முறையா ஒரு பொம்பிளை வீட்டுக்காரர் என்னைப் பாத்துச் சொல்லிப்போட்டினம்." சொல்லிவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார். நிற்காமல் சிரித்தார். நானும் சிரித்தேன், காரை ஓரமாக நிற்பாட்ட வேண்டி வந்தது. அவர் கண்ணைத் துடைத்தார். சிரித்ததாலா என்று நான் கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் சனிக்கிழமைகளில் வந்து என் மண்ணிறக் கதிரையில் இருந்தார். என் வாடிக்கைக்காரருக்கு, "இண்டைக்கு எடுக்காதேங்கோ, போய்ப் படுத்தெழும்பி யோசிச்சிட்டு வாங்கோ" என்று என் கடைக்குள் இருந்தே புத்தி சொல்வார். அடித்துக் கலைக்க வேண்டும்போல வரும். ஆனால் ஒன்று: அவர் யோசிக்கச் சொல்லி அனுப்பி, திரும்பி வந்து வாங்கிய சனம் ஒருநாளும் சாமானைத் திருப்பிக் கொண்டுவந்ததில்லை. இதை அவருக்கு நான் சொல்லவில்லை. தலைக்கனம் பிடித்துவிடும்.

கதிரையின் வலது கைப்பிடியில் அவருடைய முழங்கை பட்டுப் பட்டுத் தோல் வெளுத்தது. வேறு யாராவது அதில் இருக்கப் போனால், கடைப் பெடியள் "அது ஆளிருக்கிற கதிரை" என்று சொல்லி வேறொன்றைக் காட்டினார்கள். விலைத்துண்டு எப்போது கழன்று விழுந்தது என்று யாருக்கும் தெரியாது.

ஒரு சனிக்கிழமை துவக்கர் வந்தார். இருக்கவில்லை. கதிரைக்கு முன்னால் நின்றார். சேவ் எடுத்து, இஸ்திரி போட்ட சட்டை.

"அண்ணை, உந்தக் கதிரையை எடுக்கிறன்."

"என்ன?"

"மனிசிக்குச் சொன்னன். குரல் இறங்கேல்லையாம்."

கடைப் பெடியள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். சபதம் எல்லாருக்கும் தெரியும். நான் வென்றுவிட்டேன். பில் புத்தகத்தை எடுத்தேன், பேனையை எடுத்தேன், அவருடைய பெயரையும் எழுதினேன். கதிரை என்று எழுத வேண்டிய இடத்தில் பேனை நின்றுவிட்டது. கதிரையைப் பார்த்தேன், வெளுத்த கைப்பிடியைப் பார்த்தேன். பின்னேரத்துக்குள் இது யூனியன்வில்லுக்குப் போய்விடும். பிறகு சனிக்கிழமைகளில் இந்த மனிதர் எங்கே இருப்பார்? வீட்டில், இந்தக் கதிரையில்தானே இருப்பார்.

"கொஞ்சம் பொறும்" என்று சொல்லிவிட்டு வெளியே இறங்கினேன். பிளாசாவின் மூலையில் லொட்டரியும் பாலும் விற்கிற சின்னக் கடைக்குப் போனேன். திரும்பி வந்து அவருடைய கையில் வைத்தேன்.

அவர் மார்ஸ் சொக்கிலேற்றைப் பார்த்தார். என்னைப் பார்த்தார்.

"ஏழிலையோ அண்ணை?"

"ஏழிலதான்" என்றேன். குரல் கொஞ்சம் இறங்கிவிட்டது.

அவர் உறையைக் கிழித்துப் பாதியை என்னிடம் தந்தார். கதிரையில் இருந்து, விசையை இழுத்து, நன்றாகச் சாய்ந்தார்.

வாசலில் என் பெயரை நான் மாற்றவில்லை.